ஃபாஸ்ட் டிரா: ஒரே மாதிரி பத்து முறை உருவப் பழகுவது எப்படி?

விளக்கு எரிந்ததும் இடுப்பு உறையிலிருந்து ரிவால்வரை உருவித் தகட்டைச் சுட வேண்டும், இதுதான் ஃபாஸ்ட் டிரா. என் முதல் கிளப் போட்டியில் பக்கத்துக் கோட்டில் வந்து நின்ற அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தரையைத் தொடும் பாவாடை, அகலமான தொப்பி, மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. அதுவரை நிழலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவர், பெயரைக் கூப்பிட்டதும் பின்னலை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். நான் வீட்டில் 0.55 விநாடி வரை வந்துவிட்டிருந்த தெம்பில் இருந்தேன். மூன்று முறை விளக்கு எரிந்தது. மூன்று முறையும் முதலில் சுட்டது நான்தான். மூன்று குண்டும் தகட்டுக்கு முன்னால் மண்ணில் போய் விழுந்தன. அவர் மூன்று முறையும் 0.7 சொச்சத்தில் தகட்டின் நடுவில் ‘டப்’ என்று வைத்தார். 3-0. கை கொடுத்துவிட்டு மறுபடி பின்னப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் தோற்றதற்கு வேகம் போதாதது காரணமில்லை. ஒரு தடவை போல இன்னொரு தடவை என் கை வரவில்லை, அவ்வளவுதான். இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு அதைச் சரிசெய்யும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், விளையாட்டு எது?

லயன், முத்து காமிக்ஸில் கௌபாய் கதை படித்து வளர்ந்தவர்களுக்குக் காட்சி புதிதாக இருக்காது. இடுப்பு உறையில் ரிவால்வர், எதிரே இலக்கு, யார் முந்துகிறார் என்ற பந்தயம். இது விளையாட்டாக உருவானது 1950களின் அமெரிக்காவில். கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் கேளிக்கைப் பூங்காவில் ரயில் கொள்ளைக்காரன் வேஷம் கட்டிய டீ வூலம் என்ற ஸ்டண்ட் நடிகர், தான் எவ்வளவு வேகமாக உருவுகிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு கடிகாரத்தைப் பொருத்தினார். அதிலிருந்து போட்டிகள் பிறந்தன.

இன்று பல வகைகள் உண்டு. நான் பேசுவது நெவாடா மாநிலத்தின் ஃபெர்ன்லியைத் தலைமையிடமாகக் கொண்ட கௌபாய் ஃபாஸ்ட் டிரா அசோசியேஷனின் முறை. .45 கோல்ட் அளவில், ஒவ்வொரு குண்டுக்கும் ஹாமரை (பின்பக்கச் சுத்தியலை) கையால் இழுக்க வேண்டிய பழைய பாணி சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர். அதில் மெழுகுத் தோட்டா. வெடிமருந்தே கிடையாது, ஷாட்கன் பிரைமர் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் சிறு மூடி) ஒன்றின் உந்துதலில்தான் மெழுகு பறக்கிறது. 21 அடி தூரத்தில் 24 அங்குல வட்ட இரும்புத் தகடு, அதன் நடுவில் ஒரு விளக்கு. ரேஞ்ச் அதிகாரி “ஷூட்டர்ஸ் செட்” என்று சொன்ன பிறகு 2 முதல் 5 விநாடிக்குள் ஏதோ ஒரு கணத்தில் விளக்கு எரியும். எரியும்போது கடிகாரம் ஓடத் தொடங்கி, மெழுகு தகட்டில் படும்போது நிற்கும். நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும். ஒரு விளக்குக்கு ஒரே குண்டு. ஐந்தில் மூன்றை முதலில் எடுப்பவர் அந்தச் சுற்றை வெல்கிறார். தோற்றவர் கணக்கில் ஓர் எக்ஸ் குறி விழும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் எக்ஸ் சேர்ந்தால் வீட்டுக்குப் போகலாம்.

தொப்பி, பூட்ஸ், முழுக்கைச் சட்டை என்று பழைய மேற்கின் உடை கட்டாயம். எல்லாருக்கும் புனைபெயர் உண்டு. நான் ‘மதுரை’ சேர்த்து ஒன்று வைத்துக்கொண்டேன். அறிவிப்பாளர் இன்னும் அதை ‘மடூரா’ என்றுதான் கூப்பிடுகிறார். பழகிவிட்டது.

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. “மெழுகுதானே, ஒரு தடவை பிடித்துப் பார்க்கிறேன்” என்று இறங்காதீர்கள். மெழுகைச் சுட்டாலும் அது நிஜ ரிவால்வர். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். விசா போவதைவிட அந்தக் கட்டணம் மலிவு. இந்தியாவிலிருந்து படிப்பவர்கள், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ரிவால்வர் பக்கமே போக முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

சங்கத்தின் வரிசை இப்படி: முதலில் பாதுகாப்பு, இரண்டாவது சந்தோஷம், மூன்றாவதுதான் போட்டி. பயிற்சி நாளில் நிஜத் தோட்டா உங்கள் பையிலோ காரிலோ வீட்டு மேசையிலோ, எங்குமே இருக்கக் கூடாது. மெழுகும் சும்மா இல்லை. கிட்டத்தில் காலில் பட்டால் கன்றிப்போகும், பிரைமரின் நெருப்பு சுடும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். பார்க்க வந்தவர்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

படி 1: கையை மாற்றுமுன் சாமானை மாற்றாமல் வையுங்கள்

ஒரே மாதிரி சுட வேண்டுமானால், கை போய்த் தொடும் இடம் ஒரே இடமாக இருக்க வேண்டும். பெல்ட்டை எப்போதும் ஒரே துளையில் போடுங்கள். நான் உள்பக்கத்தில் அந்தத் துளைக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். சாப்பிட்டு வந்த பிறகு ஒரு துளை தளர்த்தினால் உறை அரை அங்குலம் இறங்கிவிடும், கட்டை விரல் ஹாமரைத் தேடிப் போகும். உறையின் கால் கயிற்றையும் அதே இறுக்கத்தில் கட்டுங்கள். எந்த பூட்ஸ் போட்டுக்கொண்டு சுடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே பழகுங்கள். குதிகால் உயரம் மாறினால் இடுப்பின் கோணமே மாறிவிடுகிறது. வீட்டில் செருப்போடு பழகிய எனக்கு இது புரியவே இரண்டு மாதம் ஆயிற்று.

துப்பாக்கி வாங்க அவசரப்படாதீர்கள். கிளப்பில் புதியவர்களுக்கு இரவல் தருவார்கள். வாங்குவதென்றால் ரூகர் வக்கேரோ பலரும் எடுப்பது. உபெர்ட்டி, பியெட்டா போன்ற இத்தாலிய நகல்களும் உண்டு. முதல் வருடம் முழுக்க ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு உறை மாற்றுகிறவரை எனக்குத் தெரியும். அவர் நேரம் மட்டும் இன்னும் மாறவில்லை.

படி 2: கடிகாரம் இல்லாத மூன்று வாரம்

புதிதாக வருகிறவர்கள் கேட்க விரும்பாத படி இது. முதல் மூன்று வாரம் நேரத்தையே பார்க்காதீர்கள்.

வீட்டில் காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். அப்புறம் கண்ணாடி முன் நின்று பாதி வேகத்தில் உருவுங்கள். அசைவை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். கை பிடியைப் பற்றுகிறது. துப்பாக்கி மேலே எழும்போது கட்டை விரல் ஹாமரை இழுக்கிறது. உறையை விட்டு வெளியே வந்ததும் முனை தகட்டை நோக்கித் திரும்புகிறது. முனை தகட்டைப் பார்த்த பிறகு, அப்போது மட்டும், விரல் டிரிகருக்குப் போகிறது. முன்னேறியவர்கள் இந்த நான்கையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துவிடுவார்கள், இடது கையால் ஹாமரைத் தட்டியும் சுடுவார்கள். நீங்கள் இப்போது அதைப் பார்த்துச் செய்யாதீர்கள். தன் காலிலேயே சுட்டுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறிப்போனவர்கள்தான்.

ஒரு நாளைக்கு இருபத்தைந்து முறை போதும். இருநூறு முறை உருவுகிறேன் என்று கிளம்பினால், நூறுக்கு மேல் சோர்ந்த கை செய்வதையும் சேர்த்தே உடம்பு மனப்பாடம் செய்துகொள்ளும். இருபதாவதில் கட்டை விரல் வழுக்கத் தொடங்கினால் இருபதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: மண் சொல்வதைக் கேளுங்கள்

மெழுகோடு பழக ஆரம்பித்ததும் ஒவ்வொரு குண்டும் எங்கே போனது என்று பாருங்கள். தகட்டில் மெழுகு அப்பிய வெள்ளைத் தடம் நன்றாகவே தெரியும்.

தகட்டுக்கு முன் மண்ணில் விழுந்தால், முனை முழுதாக எழும்பும் முன்பே சுட்டுவிட்டீர்கள். புதியவர்களின் குண்டு பெரும்பாலும் இங்கேதான் விழும். அந்த அம்மாவிடம் நான் தோற்றதும் இதனால்தான். குண்டு எப்போதும் ஒரே பக்கமாக விலகினால் கையைத் திட்ட வேண்டாம், பாதத்தைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக உருவி, முனை இடுப்பளவில் நின்றதும் கண்ணைத் திறந்தால் அது எங்கே காட்டுகிறதோ அதுதான் உங்கள் உடம்பின் இயல்பான திசை. அது தகட்டின் நடுவுக்கு வரும்வரை பாதத்தை நகர்த்துங்கள், மணிக்கட்டைத் திருப்பாதீர்கள். நின்ற இடத்தை பூட்ஸ் முனையால் மண்ணில் கீறி வைத்தால் அடுத்த முறையும் அங்கேயே நிற்கலாம்.

தடங்கள் மேலும் கீழும் இடமும் வலமும் இறைந்து கிடந்தால், நீங்கள் இன்னும் படி 2-இல் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். வெட்கப்பட ஒன்றுமில்லை, திரும்பிப் போங்கள்.

படி 4: வேகமா, குறியா? ஒரு கணக்கு

“வேகம் முக்கியமில்லை, குறிதான் முக்கியம்” என்று பெரியவர்கள் அறிவுரை சொல்வார்கள். அது பாதி உண்மை. நூறு முறை விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நிதானமானவர், நூற்றுக்கு 90 அடிப்பார். மற்றவர் அவரைவிட எப்போதும் வேகமானவர், ஆனால் நூற்றுக்கு 40தான் படும். பட்ட 40-ம் வேகமானவருக்கே. மீதி 60-இல் பத்தில் ஒன்பதை, அதாவது 54-ஐ நிதானமானவர் எடுத்துக்கொள்கிறார். நிதானம் வென்றது.

வேகமானவர் நூற்றுக்கு 50 அடித்தால்? அவருக்கு 50, மற்றவருக்கு 45. கணக்கு கவிழ்ந்துவிட்டது. போட்டுப் பார்த்தால் கோடு 47-க்குப் பக்கத்தில் விழுகிறது. ஆக வேகம் வீண் இல்லை. இரண்டில் ஒன்று கூடப் படாத வேகம்தான் வீண்.

ஆனால் இது எதிராளியை முந்தக்கூடியவர்களுக்கான கணக்கு. புதியவர்களான நாம் எல்லாரையும்விட மெதுவாகத்தான் இருப்போம். நம்மைவிட வேகமானவரை நாம் வெல்ல ஒரே ஒரு வாசல்தான்: அவர் தவறவிடும் அந்த ஒரு தடவை, நம் குண்டு பட்டிருக்க வேண்டும். அதனால் முதல் ஆறு மாதத்துக்கு என் விதி இது. இருபதுக்குப் பதினாறு படும் வேகத்திலேயே இருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து பதினாறுக்கு மேல் வந்தால் கொஞ்சம் அழுத்துங்கள். பன்னிரண்டுக்குக் கீழே போனால் திரும்பி வாருங்கள்.

அப்புறம், ஒரு ஷாட் 0.6 விநாடி என்றால் அதற்குள் என்னதான் இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். விளக்கைக் கண்டு மூளை ‘போ’ என்று சொல்லவே சுமார் 0.2 விநாடி ஆகிறது. மெழுகு விநாடிக்கு 600 அடி வேகத்தில் பறக்கிறது என்று வைத்தால் 21 அடியைக் கடக்க 0.035. இவை இரண்டிலும் நீங்கள் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மீதி 0.36 மட்டும்தான் உங்கள் கையில். அதில் கணிசமான பகுதி தேடலில் போகிறது: பிடியைத் தேடுவது, ஹாமரைத் தேடுவது, பிடித்த பிறகு சரியாகப் பிடிப்பது. தேடல் குறைந்தால் வேகம் தானாக வரும். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை வைத்த உடனேயே அடிக்கிறவனைப் பார்த்திருப்பீர்கள். அவன் விரல் ஒன்றும் மின்னலில்லை, எங்கே வைப்பது என்று யோசிப்பதில்லை.

படி 5: நோட்டுப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு போதும். என் பக்கம் ஒன்று இப்படி இருக்கும் (பயிற்சியில், சுட்ட சத்தத்தைக் கேட்டு நிற்கும் கடிகாரத்தில் வந்த நேரம், அதனால் தவறியதற்கும் நேரம் உண்டு):

0.71, 0.69, 0.74, 0.70, 0.58 தவறு, 0.72, 0.70, 0.93, 0.71, 0.61 தவறு.

புதியவர் கண் நேராக 0.58-க்குப் போகும். “அடடா, ஐம்பதுகளைத் தொட்டுவிட்டேன்” என்பார். தகட்டில் படாத நேரம் கணக்கிலேயே சேராது. அது போட்டியில் வெறும் மண். பட்ட எட்டை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எழுதுங்கள், இங்கே 0.71. பிறகு அந்த 0.93 ஏன் வந்தது என்று பக்கத்தில் ஒரு வரி. அன்று எனக்கு எழுதியிருந்தது: ‘கட்டை விரல் வியர்வை’. அடுத்த வாரம் முதல் பின் பையில் ஒரு துண்டுத் துணி இருக்கிறது. சிறந்த நேரத்தை எழுத நோட்டில் எனக்கு இடமே இல்லை. அது சந்தோஷத்துக்கு, அதை மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம்.

படி 6: “செட்” சொன்ன பிறகு

கவனம் சிதறுவது பெரும்பாலும் இந்த 2 முதல் 5 விநாடிக்குள்தான். நம் மனம் இங்கே இரண்டு விதமாக ஏமாற்றும்.

ஒன்று, விளக்கை ஊகிப்பது. போன தடவை சட்டென்று எரிந்தது, இந்தத் தடவையும் அப்படித்தான் என்று கை துடிக்கும். முன்னாலேயே அசைந்தால் அந்த ஷாட் போச்சு. கொஞ்சம் தாமதமாக எரிந்தாலோ, காத்திருந்த தோள் இறுகிப்போய், உருவும்போது நடுங்கும். இரண்டாவது, உருவுவதை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது. ‘பிடி, இழு, திருப்பு’ என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு எரிந்துவிடும். வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் கை கிளம்பும்.

எனக்கு ஒத்துவந்தது ஒரு சின்னச் சடங்கு. கோட்டுக்கு வந்ததும் பூட்ஸ் கீறலில் கால். வலது கை விரல்களை ஒருமுறை விரித்து மடக்குகிறேன். தாடையைத் தளர்த்துகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் மணிக்கட்டும் இறுகிவிடுகிறது, செய்து பாருங்கள். “செட்” கேட்டதும் பாதி மூச்சை விட்டு நிறுத்துகிறேன். கண் விளக்கின் மேல் மட்டும். விளக்கு எரிவதற்குக் காத்திருப்பதாகக்கூட நினைப்பதில்லை, அந்தக் கண்ணாடியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்களுடையது வேறாக இருக்கலாம். ஆனால் எதுவானாலும் சமையலறையில் காலித் துப்பாக்கியோடு பழகும்போதும் அதையே முழுக்கச் செய்யுங்கள். போட்டிக்கென்று தனியாக வைத்திருக்கும் சடங்கு போட்டியன்று மறந்துபோகும்.

பக்கத்தில் நிற்பவரைப் பார்க்காதீர்கள். அவர் சுட்ட சத்தம் கேட்டதும் அவசரமாக டிரிகரை அமுக்குவது எல்லாருக்கும் உள்ள வியாதி. சத்தம் கேட்டதே தவிர, அவர் குண்டு பட்டதா என்று உங்களுக்குத் தெரியாது. பதறாத காரியம் சிதறாது என்று நம் ஊரில் சொல்வது இந்தக் கால் விநாடிக்கே எழுதிவைத்தது போல இருக்கும். 1865 ஜூலை 21 அன்று மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிற்பாடு துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன வைல்ட் பில் ஹிக்காக்கும் சூதாடி டேவிஸ் டட்டும் நடுத்தெருவில் நின்று மோதியதைத்தான் இந்த வகைச் சண்டைகளுக்கெல்லாம் மூலமாகச் சொல்வார்கள். இடைவெளி ஏறக்குறைய 75 கெஜம். இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுட்டார்கள். டட்டின் குண்டு தவறியது, ஹிக்காக்கின் குண்டு பட்டது.

தவறவிட்ட பிறகு அடுத்த விளக்குக்குள் கிடைப்பது சில விநாடிகள். அதற்குள் காரணம் ஆராயாதீர்கள். எங்கே போனது என்று மட்டும் பார்த்து, ஒரே ஒரு சொல் சொல்லிக்கொள்ளுங்கள். நான் சொல்வது ‘தூக்கு’. என் தவறு எப்போதும் கீழேதான் என்பதால் அது போதுமானதாக இருக்கிறது. மீதியெல்லாம் நோட்டுக்கு.

படி 7: காத்திருக்கும் ஐந்து மணி நேரம்

கோட்டில் நிற்பது மொத்தமாகக் கூட்டினால் சில நிமிடங்கள்தான். மற்றபடி வெயிலில் உட்கார்ந்திருப்பீர்கள். மடக்கு நாற்காலி, தண்ணீர், ஏதாவது உப்புத் தின்பண்டம் கொண்டு போங்கள். காபி வழக்கமாக ஒரு கப் என்றால் அன்றும் ஒரு கப்தான். அரிசோனா, நெவாடா வெயிலில் மெழுகுத் தோட்டாக்கள் இளகிவிடும், ஐஸ் பெட்டியில் வையுங்கள். சுற்றுகளுக்கு இடையில் குழலுக்குள் பிரஷ் விட்டு எடுங்கள். மெழுகுப் பிசினும் பிரைமர் கரியும் சேர்ந்தால் சிலிண்டர் திரும்ப மறுக்கும், கட்டை விரலுக்கு அது சுவரில் முட்டியது போல இருக்கும். இரண்டு எக்ஸ் வாங்கி மனம் உடைந்தவர்களில் பாதிப் பேருக்குத் தேவை தன்னம்பிக்கை இல்லை, ஒரு பிரஷ்.

அடுத்து யாரோடு என்று பலகையில் போடுவார்கள். நான் எந்தக் கோடு என்பதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். எதிராளியின் நேரத்தைத் தெரிந்துகொண்டு நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, அவசரப்படுவது. காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் சுடுவதைப் பார்க்கலாம். முழுநேரமும் பார்த்தால் மனதால் நீங்களும் அத்தனை தடவை சுட்டுக் களைத்துப் போவீர்கள். அந்த அம்மா ஏன் ஸ்வெட்டர் பின்னுகிறார் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. நான் பின்னுவதில்லை. குறுக்கெழுத்துப் போடுகிறேன்.

கடைசிச் சுற்று முடிந்ததும் துப்பாக்கியைக் காலி செய்து ரேஞ்ச் அதிகாரியிடம் காட்டுங்கள். பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பரிசளிப்புக்குப் போவதற்கு முன்பே நோட்டைத் திறந்து எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால், வழியிலேயே அந்த 0.93 மறந்து 0.58 மட்டும்தான் நினைவில் இருக்கும்.